‘சார்’ என்பதற்குக் கொரிய மொழியில் என்ன சொல்?

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கொரிய உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறீர்கள். ஆறு மாதப் பயிற்சிக்காகத் தென் கொரியாவிலுள்ள தலைமை ஆலைக்கு உங்களை அனுப்புகிறார்கள். அங்கே மேலதிகாரியை அழைக்க ‘சார்’ என்பதற்கு நிகரான கொரியச் சொல் எது, பதவிப் பெயர்களின் பட்டியல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் தருகிறேன். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கவலை இருப்பதாகப் படுகிறது. இங்கே ‘கிம் சார்’, ‘பார்க் சார்’ என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம், அங்கே போய் வாயைத் திறந்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்பதுதான் அது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன். மோட்டார் வாகன உதிரிபாகத் துறையில் பதினான்கு ஆண்டுகளாகக் கொரிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அவற்றில் மூன்று ஆண்டுகள் கொரியாவில் கழிந்தன. நான் பழகியது ஆலைகளும் அவற்றை ஒட்டிய அலுவலகங்களும்தான். சியோலில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குப் போகிறவர் நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: ‘சார்’ என்பதற்குக் கொரிய மொழியில் சொல் இல்லை. எவருக்கும் பொருந்துகிற ஒரே மரியாதைச் சொல்லை வைத்துக்கொண்டு அங்கே காலம் தள்ள முடியாது. ஒருவருடைய பதவிப் பெயர்தான் அவரை அழைக்கும் பெயர். அதன் பின்னால் ‘நிம்’ என்ற மரியாதை விகுதி சேரும். க்வாஜாங் என்பது பதவி, க்வாஜாங்நிம் என்பது அழைப்பு. ‘டாக்டர், கொஞ்சம் பாருங்கள்’, ‘கண்டக்டர், ஒரு டிக்கெட்’ என்று நாம் தொழிலையே பெயராக்கி அழைக்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கத்தை அலுவலகம் முழுவதற்கும் விரித்துக்கொள்ளுங்கள். இதில் நமக்கு இடறும் இடம் வேறு. தமிழில் ‘நீங்கள்’ என்று சொன்னால் மரியாதை வந்துவிடுகிறது. கொரிய மொழியில் மேலதிகாரியைச் சுட்ட ‘நீங்கள்’ இல்லவே இல்லை. ‘நீங்கள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன்’ என்பதை ‘க்வாஜாங்நிம் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன்’ என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது அவமானப்பட்டுத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அகராதியில் ‘நீங்கள்’ என்பதற்கு நேராக ‘தாங்ஷின்’ என்று பார்த்து வைத்திருந்தேன். ஒரு கூட்டத்தில் நம் ஊர்ப் பொறியாளர் ஒரு கொரிய மேலதிகாரியிடம் மிகப் பணிவாக ‘நீங்கள் சொன்னால் மாற்றிவிடுகிறோம்’ என்றார். நான் ‘தாங்ஷின்’ போட்டு அதை மொழிபெயர்த்தேன். அறை அமைதியாகிவிட்டது. கணவன் மனைவி ஒருவரையொருவர் சொல்லிக்கொள்வதும், கவிதையிலும் விளம்பரத்திலும் வருவதும், தெருச் சண்டையில் முன்பின் தெரியாதவனைப் பார்த்துக் கத்துவதும் அந்தச் சொல்தான். மேலதிகாரியிடம் சொன்னால் மூன்றாவது பொருள்தான் கேட்கும். அந்தப் பெரியவர் சிரித்துச் சமாளித்தார். எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கம் போயிற்று. அகராதி பொய் சொல்லவில்லை, பாதி சொன்னது.

இனிப் பட்டியல். வழக்கமான ஏணி கீழிருந்து இப்படிப் போகும்: ஸாவொன் (சாதாரண ஊழியர்), ஜுயிம், தேரி, க்வாஜாங், சாஜாங், புஜாங், அதற்கு மேலே நிர்வாகிகளாக இஸா, ஸாங்மு, ஜொன்மு, புஸாஜாங் (துணைத் தலைவர்; இங்கே ‘பு’ என்றால் துணை), ஸாஜாங், உச்சியில் ஹ்வேஜாங். மனப்பாடம் செய்வதற்கு முன் ஒன்றைக் கவனித்தால் சுமை குறையும். இவை எல்லாம் சீன எழுத்துகளிலிருந்து வந்த சொற்கள். கடைசியில் வரும் ‘ஜாங்’ என்பதற்குத் தலைவர் என்று பொருள். க்வா என்றால் பிரிவு, எனவே க்வாஜாங் பிரிவுத் தலைவர். பு என்றால் துறை, புஜாங் துறைத் தலைவர். ஸா என்பது நிறுவனம், ஸாஜாங் நிறுவனத் தலைவர். சா என்றால் அடுத்தது, இரண்டாவது. புஜாங்குக்கு அடுத்த நிலையில் இருப்பவர் சாஜாங். கோங்ஜாங் என்றால் தொழிற்சாலை என்பதால் ஆலைத் தலைவர் ‘கோங்ஜாங்ஜாங்’. முதல் முறை கேட்டபோது திக்குகிறார்கள் என்றே நினைத்தேன். தேரி என்பதற்குப் பதிலாள் என்று பொருள். மது அருந்தியவரின் காரை அவருக்குப் பதிலாக வீடுவரை ஓட்டிக் கொடுக்கும் ஓட்டுநருக்கும் இதே ‘தேரி’தான் பெயர். அதை வைத்து அலுவலகத் தேரிகளைக் கேலி செய்யும் பழைய நகைச்சுவையை எந்த விருந்திலும் ஒருமுறையாவது கேட்பீர்கள்.

மேலே ஸ, ச என்று பிரித்து எழுதியிருப்பது வேண்டுமென்றேதான். ஸாஜாங் நிறுவனத்தின் தலைவர். சாஜாங் அவருக்குப் பல படி கீழே இருப்பவர். தமிழர் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடும். முன்னது ‘ஸ’, பின்னது ‘பச்சை’ என்பதில் வரும் அழுத்தமான ‘ச்ச’ போல, கூடவே கொஞ்சம் மூச்சுக் காற்றும் வெளியேற வேண்டும். சாஜாங்கை ஸாஜாங் ஆக்கினால் அவர் கூச்சத்தோடு சிரிப்பார். உண்மையான ஸாஜாங்கைச் சாஜாங் என்று அழைத்தால் பக்கத்தில் நிற்பவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஏணியில் ஒருவர் நிற்கும் படி ஜிக்குப். அவர் வகிக்கும் பொறுப்பு ஜிக்செக். இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் படியில் சாஜாங்காக இருந்து, பொறுப்பில் ஒரு குழுவுக்குத் தலைவராக இருக்கலாம். அப்போது அவரை ‘டீம்ஜாங்நிம்’ என்று அழைப்பார்கள். ஆங்கிலத்தின் ‘டீம்’ சீன எழுத்தின் ‘ஜாங்’கோடு சேர்ந்த சொல் அது. பொறுப்புப் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதுதான் அழைப்பில் வெல்லும். உற்பத்திக் கூடத்தில் நீங்கள் அதிகம் சந்திக்கப் போவது ‘பான்ஜாங்’, அதாவது ஒரு வரிசையின் மேற்பார்வையாளர். பட்டம் படிக்காதவராக இருக்கலாம், உங்களைவிடச் சம்பளம் குறைவானவராகக்கூட இருக்கலாம். பான்ஜாங்நிம் என்று அழைத்து, இரண்டு கையாலும் ஒரு காப்பிக் கோப்பையைக் கொடுத்துப் பாருங்கள், ஆறு மாதத்தில் கற்க வேண்டியதை மூன்று மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார். வெளிநாட்டுக் கிளை நிறுவனத்தின் தலைவர் ‘பொபின்ஜாங்’. உங்கள் சென்னை ஆலையின் தலைவரைப் பற்றி அங்கே பேச்சு வந்தால் இந்தச் சொல்தான் காதில் விழும். வருகை அட்டையின், அதாவது விசிட்டிங் கார்டின், ஆங்கிலப் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். அதில் ‘ஜெனரல் மேனேஜர்’ என்று இருப்பவர் ஒரு நிறுவனத்தில் புஜாங்காகவும் இன்னொன்றில் சாஜாங்காகவும் இருப்பார். அட்டையைத் திருப்பிக் கொரியப் பக்கத்தைப் பாருங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க இரண்டு வாரப் பயிற்சி போதும்.

அடுத்தது பெயரோடு சேர்ப்பது. குடும்பப் பெயர், பதவி, நிம் என்பது வரிசை: கிம் க்வாஜாங்நிம், பாக் புஜாங்நிம். நாம் ‘பார்க்’ என்று எழுதுவதைக் கொரியர்கள் ‘பாக்’ என்றும், ‘லீ’ என்று எழுதுவதை வெறும் ‘ஈ’ என்றும் சொல்வார்கள். ‘ஈ க்வாஜாங்நிம்’ என்று முதலில் சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிம் 21.5 சதவீதம், ஈ 14.7 சதவீதம், பாக் 8.4 சதவீதம். மூன்று பெயர்களுக்குள் கிட்டத்தட்டப் பாதி நாடு அடங்கிவிடுகிறது. ஒரே தளத்தில் மூன்று கிம் க்வாஜாங்நிம்கள் இருப்பது சாதாரணம். அப்போது முழுப் பெயரையும் சொல்லி, பிறகு க்வாஜாங்நிம் சேர்க்க வேண்டும். உங்கள் நேரடி அதிகாரி ஒருவரே என்றால் பெயரே வேண்டாம், க்வாஜாங்நிம் போதும்.

பாடப்புத்தகங்கள் முதல் அத்தியாயத்திலேயே ‘ஸ்ஸி’ என்ற விகுதியைக் கற்றுக்கொடுத்து, ‘திரு’ போன்றது என்று சொல்லிவிடுகின்றன. இந்த ஒரு வரியால் நடந்த விபத்துகள் ஏராளம். ஸ்ஸி என்பது சமநிலையில் உள்ளவருக்கும் உங்களுக்குக் கீழே உள்ளவருக்கும் மட்டுமே. அதுவும் முழுப் பெயரோடோ தனிப்பெயரோடோதான் வர வேண்டும். மேலதிகாரியைக் ‘கிம் ஸ்ஸி’ என்றால், மரியாதை காட்டுவதாக நினைத்துக்கொண்டு அவரைக் கூலிக்கு நிறுத்திய ஆளை விளிப்பது போல விளிக்கிறீர்கள். மின்னஞ்சலின் தொடக்கத்தில் இதை எழுதி அனுப்பியவர்களை நான் அறிவேன். பதில் வரும், ஆனால் அந்தப் பதிலில் ஒரு குளிர் இருக்கும்.

நிம்மை எங்கே விட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும்போது நிம் கிடையாது. பதவியைப் பெயருக்குப் பின்னால் வைப்பதே ஒரு மரியாதை என்பதால், தன்னை அறிமுகப்படுத்துகிறவர் பதவியை முன்னால் வைத்து ‘க்வாஜாங், கிம் இன்னார்’ என்பார். ‘கிம் க்வாஜாங்’ என்று தன்னையே சொல்லிக்கொள்கிறவரைப் பற்றிச் சக ஊழியர்கள் பின்னால் பேசிக்கொள்வார்கள். ஜப்பானிய நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள் இங்கே குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். அதே சீன எழுத்துகள்தான் அங்கே ‘காச்சோ’, ‘புச்சோ’ என்று ஒலிக்கின்றன. ஆனால் ஜப்பானியருக்குப் பதவிப் பெயரே மரியாதை, அதன்மேல் விகுதி தேவையில்லை. வெளியாரிடம் பேசும்போது தங்கள் தலைவரைக்கூட மரியாதை நீக்கிச் சொல்வார்கள். கொரியாவில் வாடிக்கையாளரிடம் பேசும்போதும் உங்கள் புஜாங் புஜாங்நிம்தான்.

வினைச்சொல்லில் வரும் மரியாதையில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. கொங்கு நாட்டுக்காரருக்கு இன்னும் கூடுதல் வசதி. கொரிய மொழியில் இரண்டு தனித்தனி மரியாதைகள். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கானது ஒன்று, யாரிடம் பேசுகிறோமோ அவருக்கானது மற்றொன்று. ‘தம்பி வந்தானுங்க’ என்று கோயம்புத்தூர்க்காரர் சொல்லும்போது ‘ஆன்’ தம்பிக்கு, ‘ங்க’ கேட்பவருக்கு. ‘ஐயா வந்தாருங்க’ என்றால் இருவருக்கும் மரியாதை. குழந்தையிடம் ‘தாத்தா வந்தாரு’ என்றால் தாத்தாவுக்கு மட்டும். கொரியம் அச்சாக இப்படித்தான் வேலை செய்கிறது. வினையின் நடுவில் வரும் ‘ஷி’ நம் ‘ஆர்’ விகுதியின் வேலையையும், கடைசியில் வரும் ‘யோ’ நம் ‘ங்க’வின் வேலையையும் செய்கின்றன. ‘வாஸ்ஸொயோ’ வந்தானுங்க, ‘ஓஷ்யொஸ்ஸொயோ’ வந்தாருங்க, ‘ஓஷ்யொஸ்ஸொ’ வந்தாரு. யோ என்பதைவிட முறையானது ‘ம்னிதா’ என்று முடியும் வடிவம். கூட்டத்திலும் அறிக்கை கொடுக்கும்போதும் அதுவே. பயிற்சிக்குப் போகும் நீங்கள் முதல் மாதம் ம்னிதாவிலேயே இருங்கள். அதிகம் விறைப்பாகப் பேசியதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்களைச் சொல்லும்போது ‘நா’ அல்ல, ‘ஜொ’; அது தன்னைத் தாழ்த்திச் சொல்லும் ‘நான்’.

‘நா’, ‘வா’, ‘அப்பா’ என்று இரண்டு மொழிகளிலும் ஒத்து ஒலிக்கும் சொற்களின் பட்டியல் உங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண நூல் எழுதியிருக்கிறார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை நிறுவப்பட்டதாக ஏற்பதில்லை. விருந்தில் பேச்சைத் தொடங்க நல்ல விஷயம்; அதற்கு மேல் அதில் எடை வைக்க வேண்டாம்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனிச் சொல்பவற்றில் கொரியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஸாஜாங்நிம்மிடம் உங்கள் க்வாஜாங்கைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் க்வாஜாங்குக்கு நிம் சேர்க்கலாமா? கேட்பவர் அவரைவிடப் பெரியவர் என்பதால் மரியாதையைக் குறைக்க வேண்டும் என்பது ‘ஆப்ஜோன்பொப்’ என்ற பழைய முறை. தாத்தாவிடம் பேசும்போது அப்பாவுக்கு மரியாதையைக் குறைத்துச் சொல்வது போன்றது அது. குடும்பத்துக்கான இந்த முறை ராணுவத்திலும், அங்கிருந்து வந்தவர்கள் வழியாக அலுவலகங்களிலும் புகுந்துவிட்டது. தேசியக் கொரிய மொழி நிறுவனம் 2011இல் வெளியிட்ட மொழி நெறிகளில், அலுவலகத்தில் இதைப் பின்பற்ற வேண்டியதில்லை, உங்களைவிட மேலே உள்ளவர் யாராக இருந்தாலும் மரியாதையோடு சொல்வதே சரி என்று தெளிவாக இருக்கிறது. ராணுவமே 2016இல் இதைக் கைவிட்டுவிட்டது. ஆனாலும் ஐம்பது வயதைக் கடந்த ஒரு ஸாங்மு, புது ஊழியர் ஒருவரை இதற்காகத் திருத்தியதை நேரில் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டவரான உங்களை யாரும் திருத்த மாட்டார்கள். எல்லாருக்கும் நிம் போட்டுவிடுங்கள்.

இன்னொரு தகராறு ‘ஸுகோ’ என்ற சொல்லில். மாலையில் கிளம்பும்போது ‘பாடுபட்டீர்கள்’ என்ற பொருளில் ‘ஸுகோஹாஷ்யொஸ்ஸும்னிதா’ என்பார்கள். பெரியவர் சின்னவருக்குச் சொல்ல வேண்டியதைச் சின்னவர் பெரியவருக்குச் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பானவர்களின் வாதம். நடைமுறையில் நாளும் பொழுதும் எல்லாரும் சொல்கிறார்கள். வம்பே வேண்டாம் என்றால் ‘மொன்ஜொ துரொகா போகெஸ்ஸும்னிதா’ என்று சொல்லுங்கள். ‘நான் முன்னால் போய்ப் பார்க்கிறேன்’ என்பது அதன் நேர்ப்பொருள். ‘செய்து பார்’, ‘கேட்டுப் பார்’ என்று நாம் சொல்வதில் வரும் அதே துணைவினை ‘பார்’ இங்கே விடைபெறுதலை மென்மையாக்குகிறது. அதிகாரி இருக்கையில் இருக்கும்போது நீங்கள் முதலில் கிளம்பினால் இந்த வாக்கியம் இல்லாமல் கிளம்பாதீர்கள். உத்தரவைக் கேட்டுக்கொண்டதற்கு ‘ஆராஸ்ஸொயோ’ வேண்டாம், ‘ஆல்கெஸ்ஸும்னிதா’. தவறு செய்துவிட்டால் ‘மியான்’ என்று தொடங்கும் சொல் நண்பர்களுக்கானது, அதிகாரியிடம் ‘ஜ்வேஸோங்ஹாம்னிதா’. அவர் கவனத்தைத் திருப்ப, உணவகத்தில் பரிமாறுகிறவரைக் கூப்பிடுவது போல ‘ஜொகியோ’ என்று கூப்பிட்டுவிடாதீர்கள். க்வாஜாங்நிம் என்றாலே திரும்புவார்.

இத்தனை படிகளும் இப்போது கரைந்துகொண்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சிஜே குழுமம் 2000ஆம் ஆண்டிலேயே பதவிப் பெயரை எடுத்துவிட்டு, எல்லாரையும் பெயரோடு நிம் சேர்த்து அழைக்கச் சொன்னது. சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் 2017இல் ஏழு படிகளை நான்காகக் குறைத்துப் பெயரோடு நிம் என்பதையே பொது அழைப்பாக்கியது. எல்ஜி எலெக்ட்ரானிக்ஸில் அதே ஆண்டு ஸாவொன், ஸொனிம் (மூத்தவர்), செகிம் (பொறுப்பாளர்) என்று மூன்றே படிகள். ஹூண்டாய் மோட்டார் 2019இல் கீழ்ப் படிகளை ‘மேனேஜர்’ என்றும், க்வாஜாங் முதல் புஜாங் வரையானவர்களைச் ‘செகிம் மேனேஜர்’ என்றும் இரண்டே பெயருக்குள் அடக்கிவிட்டது. கக்காவோ என்ற இணைய நிறுவனத்தில் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு அழைக்கிறார்கள். இது ஒருவழிப் பாதையுமல்ல. கேடி தொலைத்தொடர்பு நிறுவனம் பதவிப் பெயர்களை நீக்கிப் பார்த்துவிட்டு 2014இல் பழைய ஏணியையே திரும்பக் கொண்டுவந்தது. பதவிப் பெயரே இல்லாவிட்டால் பதவி உயர்வு கிடைத்ததை மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று அங்கே ஒருவர் என்னிடம் பாதி விளையாட்டாகக் கேட்டார். நம்மைப் போன்றவர்கள் போய்ச் சேரும் நடுத்தர உதிரிபாக ஆலைகளில் நான் கண்டவரை பழைய ஏணி அப்படியே நிற்கிறது. பெரிய நிறுவனத்தில் பதவிப் பெயர் ஒழிந்ததை எங்கோ படித்துவிட்டு, அங்கே போய் அதிகாரியைப் பெயரோடு நிம் சேர்த்து அழைத்துவிடாதீர்கள்.

பதவியே இல்லாத அனுபவசாலி ஊழியர் ‘ஸொன்பேநிம்’, அதாவது நமக்கு முன்னால் சேர்ந்தவர். உங்களைவிட வயதில் இளையவர் க்வாஜாங்காக இருந்தால் பதவிதான் முன்னால் நிற்கும், வயது பின்னால். உணவுக் கூடத்திலும் துப்புரவிலும் வேலை செய்யும் பெண்களை ‘யொஸாநிம்’ என்று அழைப்பது பொதுவாக நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது. குடியேற்ற அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ யாரென்று தெரியாதவரை ‘ஸொன்ஸெங்நிம்’ என்றால் தவறாகாது. ஆசிரியர் என்ற பொருளுள்ள அந்தச் சொல்தான், உங்கள் ‘சார்’க்கு ஓரளவு அருகில் வருகிறது. ஆனால் உங்கள் சொந்த அதிகாரிக்கு அது பொருந்தாது.

முதல் நாள் எவர் முன்னால் நின்றாலும் தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளாமல், வருகை அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு நொடி படித்துவிட்டுக் கேளுங்கள்: ‘ஒத்தொக்கே புல்லொ துரிம்யொன் த்வெல்க்காயோ?’ உங்களை எப்படி அழைக்கட்டும் என்று பொருள். கவனித்தீர்களா, நான் தமிழாக்கியபோது வந்துவிட்ட ‘உங்களை’ அந்தக் கொரிய வாக்கியத்தில் இல்லை.